எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளைகளுக்குக் காதுக் குழாய், அடினாய்டு ஆபரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பெற்றோர்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவின் வாசலில் வழக்கமாகக் கேட்பவை இவை. கீமோ (புற்றுநோய் மருந்து) ஓடும் பிள்ளை, ஸ்டீராய்டு மாத்திரையில் இருக்கும் பிள்ளை, பிறவியிலேயே எதிர்ப்பு அணுக்கள் குறைந்த பிள்ளை ஆகியோரை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். ஆரோக்கியமான பிள்ளைக்கு இதில் பாதி தேவைப்படாது.

"மூக்குல சதை வளர்ந்திருக்கு, காதுல தண்ணி கோத்திருக்கு"ன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றல்ல, ஆனால் அக்கம்பக்கத்து வீடு. மூக்கின் பின்கோடியில், உள்நாக்குக்கு மேலே, வாயைத் திறந்தால் கண்ணில் படாத இடத்தில் இருக்கும் சதைதான் அடினாய்டு. 3 முதல் 7 வயது வரை பெரிதாக இருக்கும், அதன்பின் தானாகச் சுருங்கும். அதன் இரு பக்கமும் நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயின் வாய் திறக்கிறது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குட்டை, படுக்கைவாட்டம் வேறு. சதை வீங்கினாலோ அதில் கிருமி தங்கினாலோ குழாய் அடைத்துக்கொள்ளும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். நாள்பட்டால் அந்த நீர் கோந்து மாதிரி ஆகிவிடும். ஆபரேஷனில் உறிஞ்சும்போது நூல் நூலாக இழுபடும்.

ஒரு எச்சரிக்கை. நம்மூரில் "மூக்குச் சதை" என்ற ஒரே பேச்சு அடினாய்டுக்கும், மூக்கு உள்சுவரின் வீக்கத்துக்கும், பாலிப்புக்கும் ஓடுகிறது. எந்தச் சதை என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

எங்க பிள்ளைக்கு மாசா மாசம் சளி. எதிர்ப்பு சக்தி இல்லைன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. பால்வாடிக்குப் போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். நடுவில் நன்றாகத் தேறி, எடை ஏறி, ஓடி விளையாடினால் பயப்பட ஒன்றுமில்லை. சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: ஒரே வருடத்தில் நான்கு அல்லது அதற்கு மேல் காதுத் தொற்று, ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காதது, எடை ஏறாதது, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெள்ளைப் படலம் போகாதது, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, குடும்பத்தில் காரணம் தெரியாமல் சின்ன வயதில் இறந்த ஆண் குழந்தைகள். பிறந்தவுடன் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி இடம் மாதக்கணக்கில் புண்ணாகவே நின்று, அக்குளில் கட்டியும் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன ரத்தப் பரிசோதனை?

எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கும் ஹீமோகுளோபின், ரத்தம் உறையும் நேரம் போக, இவர்களுக்கு வெள்ளையணுக்களை வகைபிரித்த எண்ணிக்கை கட்டாயம். அதில் கிருமியோடு முதலில் மோதும் வெள்ளையணு வகையான நியூட்ரோபில்லின் முழு எண்ணிக்கையை நீங்களே கணக்கிடலாம். மொத்த வெள்ளையணு 3,200, நியூட்ரோபில் 25 சதவீதம் என்றால் 3,200-ஐ 25-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும்: 800. ஆபரேஷனுக்கு 1,000க்கு மேல் இருப்பது நல்லது, எனவே இது குறைவு. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து "3,200 இருக்கே, பரவாயில்லை" என்று நினைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு 3,000க்குக் கீழே இருந்தால் அது தனியாக விசாரிக்க வேண்டிய சங்கதி.

பிறவிக் குறைபாடு என்ற சந்தேகம் இருந்தால் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்ற இமியூனோகுளோபுலின் (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பணு) அளவுகள், எச்.ஐ.வி. பரிசோதனை. இமியூனோகுளோபுலின் அளவு வயதுக்கு வயது மாறும். லேப் தாளில் பெரியவர்களுக்கான அளவை அச்சடித்திருந்தால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இமியூனோகுளோபுலின் மருந்து ஏற்றுவதற்கு முன்பே இந்த ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவர்களின் எதிர்ப்பணுதான் கணக்கில் வரும்.

கண்ணாலேயே பார்க்கக்கூடிய துப்பு ஒன்றும் உண்டு. காதில் ஓயாமல் சீழ், ஆனால் வாயைத் திறந்தால் டான்சில் கடுகளவுகூட இல்லை, எக்ஸ்ரேயில் அடினாய்டு நிழலும் இல்லை என்றால், எதிர்ப்பணுவைச் செய்யும் பி அணுக்களே உருவாகாத பிறவிக் குறைபாடாக இருக்கலாம். எக்ஸ் குரோமோசோமோடு வருவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. 1952-ல் புரூட்டன் என்ற மருத்துவர் முதலில் எழுதிய நோய் இது. அந்தப் பிள்ளைக்கு அடினாய்டு ஆபரேஷன் செய்ய அங்கே சதையே இருக்காது.

ஆபரேஷன் அவசியமா, மருந்திலேயே சரியாகாதா?

மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள பொது வழக்கம் இது: ஆறு மாதத்தில் மூன்று தடவை அல்லது வருடத்தில் நான்கு தடவை காதுத் தொற்று வந்து, பார்க்கும் நேரத்திலும் நீர் தேங்கியிருந்தால் செவிப்பறையில் குட்டிக் குழாய் (கிராமெட்) வைக்கலாம். இரண்டு காதிலும் மூன்று மாதத்துக்கு மேல் நீர் நின்று காது மந்தமானாலும் வைக்கலாம். காதுக்காக அடினாய்டை எடுப்பது 4 வயதுக்கு மேல்தான் நல்ல பலன் தரும். அதற்குக் கீழே என்றால் மூக்கடைப்போ, தூக்கத்தில் மூச்சு நிற்பதோ காரணமாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளைக்கு வரிசையே மாறுகிறது. முதலில் குறைபாட்டைச் சரிக்கட்ட வேண்டும், பிறகு காதைப் பற்றி யோசிக்க வேண்டும். எதிர்ப்பணு இல்லாத பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 400 முதல் 600 மி.கி. வரை இமியூனோகுளோபுலின் ஒழுங்காக ஏற்ற ஆரம்பித்தாலே பலருக்குக் காது காய்ந்துவிடும். அதைச் செய்யாமல் குழாய் மட்டும் வைத்தால், உள்ளே நின்ற சீழ் வெளியே வடியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இவர்களுக்குக் குழாயால் கூடுதல் லாபம் இரண்டு. வடியும் சீழை எடுத்து எந்தக் கிருமி என்று கல்ச்சரில் பார்க்க முடியும். மருந்தை வயிறு வழியாக அனுப்பாமல் நேரே காதுக்குள் சொட்டு சொட்டாக விட முடியும். மற்றவர்களுக்கு வழக்கமான நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் போக, இவர்களுக்கு சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், பூஞ்சை, காசநோய் வரை வரலாம் என்பதால் கல்ச்சர் பெரிய விஷயம்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரம் பார்க்கலாம் என்று சொல்வார்கள். எச்.ஐ.வி. மருந்தில் ரிட்டோனாவிர் இருக்கும் பிள்ளைக்கு ஃப்ளூட்டிகசோன், புடசோனைடு ஸ்பிரே கூடாது. ரிட்டோனாவிர் அதை உடலிலிருந்து கழியவிடாது. முகம் ஊதும், உடலில் ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரீனல் சுரப்பி மங்கிப்போகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி அடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடினாய்டும் எதிர்ப்பு சக்தி உறுப்புதானே. ஏற்கெனவே குறைவு, அதையும் எடுத்தா?

நியாயமான பயம். ஆனால் அதே வேலையைச் செய்யும் நிணநீர்த் திசு தொண்டையிலும் கழுத்திலும் குடலிலும் நிறைய இருக்கிறது. எடுத்த பிறகு ரத்தத்தில் எதிர்ப்பணு அளவு கொஞ்சம் இறங்கினாலும் அதனால் தொற்று கூடும் என்பது உறுதியாக நிரூபணமாகவில்லை. "எதற்கும் எடுத்துவிடலாம்" என்ற பேச்சுக்குத்தான் சம்மதிக்கக் கூடாது. காரணம் ஒன்றாவது தெளிவாக இருக்க வேண்டும்.

தேதி எப்படிக் குறிக்கணும்?

குழாய் வைக்கக் கால் மணி நேரம், அடினாய்டுக்கு அரை மணி நேரம். இவர்களுக்குப் பிரச்சினை வருவது கத்தியால் குறைவு, தப்பான வாரத்தில் படுக்க வைப்பதால் அதிகம்.

கீமோ ஓடும் பிள்ளை: ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை பொதுவாக வெள்ளையணு எண்ணிக்கை அடியில் கிடக்கும். அந்த நாட்களைத் தவிர்த்து, அடுத்த சுற்றுக்குச் சற்று முன்னால் ஏறி நிற்கும் நாட்களைப் பிடிக்க வேண்டும். நியூட்ரோபில் 1,000க்கு மேல் இருப்பது நல்லது. 500க்குக் கீழே என்றால், காதுக்குப் பின் எலும்பில் சீழ் கட்டியது போன்ற அவசரம் தவிர ஆபரேஷன் வேண்டாம். ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குழாய்க்கு 50,000 ஆவது வேண்டும். அடினாய்டுக்கு அதைவிடக் கூடவே கேட்பார்கள், ஏனென்றால் அங்கே தையல் போட இடமில்லை, அழுத்திப் பிடித்துத்தான் ரத்தத்தை நிறுத்துகிறார்கள். புற்றுநோய் மருத்துவரும் காது மருத்துவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் தேதியை இணைத்து வைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இருவரின் எழுத்தும் ஒரே நோட்டில் இருக்கட்டும்.

இமியூனோகுளோபுலின் ஏற்றும் பிள்ளை: ஏற்றிய இரண்டு மூன்று நாள் கழித்து, பத்து நாளுக்குள். அன்றே வேண்டாம், மருந்தாலேயே காய்ச்சலும் தலைவலியும் வந்து குழப்பும். அடுத்த டோஸுக்கு முந்தைய வாரமும் வேண்டாம், அளவு அப்போதுதான் மிகக் குறைவு.

உடம்பு வீங்கும் சிறுநீரக நோய்க்கு (நெஃப்ராட்டிக்) பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை: ஆபரேஷன் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. பல வாரம் சாப்பிட்டவர்களுக்கு உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு தூங்கிப்போயிருக்கும். மயக்கத்தில் ரத்த அழுத்தம் திடீரென விழலாம். அதனால்தான் மயக்கம் கொடுக்கும்போது கிலோவுக்கு 2 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுகிறார்கள். சமீபத்தில் நிறுத்தியிருந்தாலும் தேதியைச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. பிள்ளை: ஆபரேஷன் நாளிலும் மாத்திரை தவறக் கூடாது, ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் முன்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காரணத்துக்காகச் சிகிச்சையை மறுப்பதும், சம்மதமில்லாமல் வெளியில் சொல்வதும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி தவறு.

தொற்று வராமல் தடுக்க வாரம் மூன்று நாள் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை யாரும் நிறுத்தச் சொல்லாவிட்டால் நிறுத்தாதீர்கள்.

சளி இருந்தால்? சாதாரணமாக இரண்டு வாரம் தள்ளுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சளியில்லாத நாளே வராது. எனவே காய்ச்சல், இளைப்பு, நெஞ்சில் கரகரப்பு இருக்கிறதா என்பதை வைத்து முடிவெடுப்பார்கள். மூக்கு ஒழுகுவதை மட்டும் மறைத்துத் தேதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

எதிர் வீட்டுல அம்மை போட்டிருக்கு. பிள்ளை அங்க விளையாடினான்.

உடனே, அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. சித்திரை, வைகாசியில் வடசென்னைச் சந்துகளில் வாசலில் வேப்பிலை தொங்காத வாரம் குறைவு. இந்தப் பிள்ளைகளுக்குச் சின்னம்மை நுரையீரல், கல்லீரல் வரை போகும். தடுப்புக்கான எதிர்ப்பணு ஊசியை முடிந்தால் 96 மணி நேரத்துக்குள் போட வேண்டும், 10 நாள் வரை பலன் உண்டு. அம்மை வெளிவர 10 முதல் 21 நாள் ஆகும், அந்த ஊசி போட்டிருந்தால் 28 நாள் வரை நீளும். அதுவரை ஆபரேஷன் கிடையாது. வார்டில் படுத்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும்தான்.

டவுன் சிண்ட்ரோம், டிஜார்ஜ்ன்னு எழுதியிருக்காங்க. தனியா ஏதாவது பார்க்கணுமா?

கண்டிப்பாக. 22-ஆம் குரோமோசோமில் சிறு துண்டு குறையும் டிஜார்ஜ் பிள்ளைகளிடம் நான்கு விஷயம் பார்க்காமல் அடினாய்டைத் தொடக் கூடாது. முதலாவது அண்ணம்: உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் தோலுக்கடியில் அண்ணத் தசையும் பிளந்திருக்கலாம். முழுச் சதையையும் எடுத்தால் பேச்சு மூக்கால் வரும், குடித்த தண்ணீர் மூக்கில் ஏறும். இவர்களுக்கு மேல்பாதியை மட்டும் எடுப்பது உண்டு. இரண்டாவது, கழுத்துப் பெரிய ரத்தக் குழாய் தொண்டையின் நடுப்பக்கம் தள்ளி ஓடலாம். பின்சுவரில் துடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். மூன்றாவது கால்சியம், குறைந்திருந்தால் மயக்கத்தில் வலிப்பு வரலாம். நான்காவது இதயம்.

டவுன் பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்பும் தளர்ந்திருக்கலாம். தலையை அதிகம் சாய்க்காமல், திருப்பாமல் செய்ய வேண்டும் என்பதை அறுவை அரங்கில் இருப்பவர்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நடை மாறியிருந்தாலோ கை பலவீனமாக இருந்தாலோ நீங்கள் சொல்லுங்கள். இவர்களுக்குக் காதுத் துளையே குறுகல், சிறிய குழாய்தான் நுழையும், அது சீக்கிரம் விழும், மறுபடி வைக்க நேரும்.

ரத்தம் ஏற்ற நேர்ந்தால், டி அணுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கும் கதிர்வீச்சு கொடுத்து வெள்ளையணு நீக்கிய ரத்தம் வேண்டும். அவசரத்தில் யாருக்கும் நினைவு வராது, பைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பைல்ல என்னென்ன வெச்சிருக்கணும்?

கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், இன்றைய எடை, மருந்துப் பட்டியல் அளவோடு, கடைசியாக இமியூனோகுளோபுலின் அல்லது கீமோ ஏற்றிய தேதி, ஒவ்வாத மருந்து, தடுப்பூசி அட்டை, காது கேட்கும் பரிசோதனை முடிவு. எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பைல் நனைந்துபோவது கொருக்குப்பேட்டைக்கும் புளியந்தோப்புக்கும் புதிதல்ல.

எத்தனை மணியிலிருந்து பட்டினி?

சோறு, இட்லி, பிஸ்கட், பால், பால் பவுடர், கஞ்சி: 6 மணி நேரம். தாய்ப்பால்: 4 மணி நேரம். வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர்: 2 மணி நேரம், சில இடங்களில் 1 மணி நேரம் வரை விடுகிறார்கள். "அழுதான், ரெண்டு பிஸ்கட்தான் கொடுத்தேன்" என்பதால் தள்ளிப்போன ஆபரேஷன்கள் ஏராளம். கஞ்சி நீராகாரம்தானே என்று கொடுப்பவர்களும் உண்டு, அது உணவுக் கணக்கு. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் சாதாரணப் பிள்ளையே தடுமாறும்.

உள்ளே என்ன செய்வாங்க?

முழு மயக்கம். மைக்ராஸ்கோப் வழியாகச் செவிப்பறையின் முன்கீழ்ப் பகுதியில் இரண்டு மி.மீ. அளவு கீறி, கோந்தை உறிஞ்சி, நூல்கண்டின் கட்டை வடிவில் இருக்கும் குட்டிக் குழாயைச் செருகுவார்கள். அடினாய்டை வாய் வழியாகவே சுரண்டியோ, சதையைக் குறைந்த சூட்டில் கரைக்கும் காப்ளேஷன் கருவியாலோ எடுப்பார்கள். வெளியே தழும்பு இருக்காது.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பணுமா? மத்தவங்களுக்கு அனுப்பலையே?

இவர்களுக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தாலோ, ஒரு மாதத்தில் வேகமாக வளர்ந்திருந்தாலோ இரட்டிப்பு கட்டாயம். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிய பிள்ளைக்கு எப்ஸ்டீன்-பார் (ஈ.பி.) வைரஸால் நிணநீர்த் திசு பெருகுவது அடினாய்டு வீக்கமாக முதலில் தலைகாட்டலாம். லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), காசநோய் இரண்டும் அப்படியே ஒளிந்திருக்கலாம். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் காது வடிவதும், செவிப்பறையில் ஒன்றுக்கு மேல் ஓட்டை இருப்பதும் காசநோயை நினைக்க வேண்டிய அடையாளங்கள்.

இதில் நடக்கும் தவறு மிகச் சின்னது, நஷ்டம் பெரியது. சதை முழுவதையும் ஃபார்மலின் டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், அதன்பின் கல்ச்சர் வராது. சரியான முறை: சதையைத் துண்டாக்கி, பயாப்சிக்கு ஒரு டப்பாவில் ஃபார்மலின், கல்ச்சருக்கும் காசநோய் சோதனைக்கும் வேறு டப்பாவில் வெறும் சலைன். லிம்போமா சந்தேகம் இருந்தால் ஃபார்மலின் படாத துண்டு இன்னொன்றும் கேட்பார்கள். டப்பா ஒவ்வொன்றிலும் பெயர், வயது, இடமா வலமா, தேதி. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் "சாம்பிள் எத்தனை டப்பாவில் போகும்?" என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டாலே போதும், யாராவது யோசிப்பார்கள். ரிசல்ட் வந்து வாங்கும் வரை அது உங்கள் பொறுப்பு; டிஸ்சார்ஜ் ஆனதும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓபி கூட்டத்துல பிள்ளையை எப்படிக் காப்பாத்துறது?

பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி ஆகட்டும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஆகட்டும், காலையில் கூட்டம் கூட்டம்தான். எண்ணிக்கை குறைந்த பிள்ளையை வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒருவர் சீட்டு வாங்கட்டும், மற்றவர் பிள்ளையோடு வெளியே மரத்தடியில் நிற்கட்டும். நர்ஸிடம் நோயைச் சொன்னால் முன்னால் விடுவார்கள். ஆபரேஷன் பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். வார்டில் பார்க்க வரும் சொந்தபந்தம் ஒரு ஆளோடு நிற்கட்டும். பூ, பழக்கூடை வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் காதுல சொட்டு எப்படி விடணும்?

பாட்டிலைச் சட்டைப் பையிலோ உள்ளங்கையிலோ இரண்டு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். சில்லென்று விழுந்தால் தலை சுற்றும், பிள்ளை மறுநாள் விடமாட்டான். படுக்கவைத்து, காதில் சீழ் இருந்தால் முதலில் பஞ்சுத் திரியால் வெளிப்பக்கம் மட்டும் ஒற்றி எடுங்கள், பட்ஸ் உள்ளே போகக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழ் காது மடலைக் கீழாகப் பின்னால், அதற்கு மேல் மேலாகப் பின்னால் இழுத்துச் சொட்டு விடுங்கள். பிறகு காதுத் துளைக்கு முன்னாலிருக்கும் குருத்தெலும்பை நாலைந்து தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தைக் குழாய்க்குள் தள்ளும், அது இல்லாவிட்டால் சொட்டு வாசலிலேயே நின்றுவிடும். இரண்டு நிமிடம் அப்படியே படுக்கட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் டெக்சாமெத்தசோன் சொட்டு என்றால் வழக்கமாக 4 சொட்டு, தினம் இருவேளை, 7 நாள். வாயில் கசப்பு தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் குழாய் திறந்திருக்கிறது, நல்ல செய்தி.

ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த காதுச் சொட்டு கூடாது. ஓட்டை வழியாக உள்காதுக்குப் போய்க் கேட்கும் அணுக்களைக் கெடுக்கலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வாங்கிய பிள்ளைக்கு ஏற்கெனவே காது அடிபட்டிருக்கலாம். அழுக்கு கரைக்கும் சொட்டும் கூடாது. நல்லெண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் எதுவும் கூடாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்குள் ஒரு கரண்டி விடும் பழக்கம் பாட்டிகளிடம் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் மென்மையாக, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏழு நாளுக்குப் பிறகும் வடிந்தால் அதே மருந்தைத் தொடராதீர்கள். ஆன்டிபயாடிக் சொட்டு நீண்டால் பூஞ்சை பிடிக்கும். நனைந்த செய்தித்தாள் மாதிரி வெள்ளையும் கறுப்புப் புள்ளியுமாகத் தெரியும், அரிக்கும். அப்போது கல்ச்சர் எடுத்துத்தான் மருந்தை மாற்ற வேண்டும்.

குளிக்கலாமா? கடலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வையுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் வெறும் தண்ணீரைவிட எளிதாக உள்ளே நுழையும். ஆரோக்கியமான பிள்ளை குழாயோடு மேல்மட்டமாக நீந்தலாம் என்பது பொது அறிவுரை. இந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல மாட்டோம். காசிமேடு, திருவொற்றியூர் கரையில் மணலில் விளையாடலாம், முங்கக் கூடாது. தேங்கிய மழைத் தண்ணீர் காதில் பட்டால் அன்றைக்கே காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன் தெர்மாமீட்டர். இதுதான் வரிசை, மாற்றாதீர்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், நியூட்ரோபில் குறைந்த பிள்ளைக்கு அது அவசரம். வீட்டில் மருந்து கொடுத்து இறக்கிப் பார்க்காமல் கிளம்புங்கள், முதல் ஆன்டிபயாடிக் ஊசி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரும் மருந்தும் இவர்களுக்கு வேண்டாம்.

வலிக்கு என்றால் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணிக்கொருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. கடையில் மூன்று விதத் திரவம் கிடைக்கிறது, குழப்பம் இங்கேதான். 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் அது 7.2 மி.லி. 250 மி.கி. உள்ளதில் 3.6 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள கைக்குழந்தைச் சொட்டில் 1.8 மி.லி. பாட்டிலை மாற்றி வாங்கினால் அளவும் மாறும். தட்டணு குறைந்தவர்களுக்கும் சிறுநீரகப் பிள்ளைகளுக்கும் இபுப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின், கோடீன் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

எதைப் பார்த்தா உடனே ஓடணும்?

பிள்ளை எச்சிலை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருப்பது: ரத்தம் உள்ளே இறங்குகிறது. காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, மூக்கில் சிவந்த ரத்தம். காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளி நிற்பது. முகம் ஒரு பக்கம் கோணுவது. விடாத தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் தூக்கம். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து திருப்ப முடியாமல் போவது. இதைப் பலர் "சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். அடினாய்டுக்குப் பிறகு அழற்சியால் கழுத்தெலும்பு விலகியிருக்கலாம், நீவவே கூடாது. இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாய் நாற்றம் பத்து நாள் வரை இருக்கும், குரல் சில வாரம் மூக்கால் வரும். இவற்றுக்கு ஓட வேண்டாம். இரண்டு மாதமாகியும் மூக்குப் பேச்சு போகவில்லையென்றால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

தடுப்பூசி?

ஆபரேஷனுக்கு முன் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள், காய்ச்சல் வந்தால் எதனால் என்று குழப்பம் வராது. நிமோகாக்கல், ஃப்ளூ ஊசிகள் இவர்களுக்கு மிகவும் வேண்டியவை. போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, தட்டம்மை ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி ஆகியவை உயிருள்ள கிருமியால் ஆனவை, உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் போடாதீர்கள். பலருக்குத் தெரியாதது: எதிர்ப்பணுக் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் தம்பி தங்கைக்கும் வாய்வழிப் போலியோ சொட்டு வேண்டாம், மலம் வழியாகக் கிருமி பரவும். அவர்களுக்குப் போலியோ ஊசி உண்டு. முகாம் நாளில் வீடு தேடி வருபவர்களிடம் மருத்துவர் சீட்டைக் காட்டுங்கள்.

சாம்பிராணி, கொசுவத்தி?

வேண்டாம். பீடி, சிகரெட் புகை காதுத் தொற்றைக் கூட்டும் என்பது உறுதியான விஷயம், மாடிப்படியில் நின்று பிடித்துவிட்டு வந்து தூக்கினாலும் சட்டையில் ஒட்டியிருக்கும். எண்ணூர், மணலிக் காற்றை நம்மால் மாற்ற முடியாது. வீட்டுக்குள் புகையை நிறுத்தலாம். கொசுவலை கட்டுங்கள்.

செலவு?

அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம். தனியாரில் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு. உங்கள் ஆபரேஷன் பெயர் அந்த ஆஸ்பத்திரியின் பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். அதன் பிறகு கேட்டால் பயனில்லை.

குழாய் எப்போ விழும்? விழுந்தும் மறுபடி வடிஞ்சா?

பொதுவாக 6 முதல் 18 மாதத்தில் தானாகத் தள்ளிக்கொண்டு வரும், தலையணையில் கிடப்பதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அதுவரை மூன்று, நான்கு மாதத்துக்கொருமுறை காட்டுங்கள். ஆபரேஷன் முடிந்த சில வாரத்தில் காது கேட்கும் சோதனை ஒன்று, குழாய் விழுந்தபின் ஒன்று. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு ஓட்டை மூடாமல் நிற்கும்.

குழாய் இருக்கும்போதே திரும்பத் திரும்ப வடிந்தால், சில நேரம் குற்றவாளி அந்தக் குழாயேதான். அதன் மேல் கிருமிகள் வழவழவென்று படலம் கட்டிக்கொண்டு மருந்தை உள்ளே விடாது. எத்தனை பாட்டில் சொட்டு விட்டாலும் அடங்காது, குழாயை எடுத்த ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். எடுத்தும் காயவில்லையென்றால் காதை விட்டுவிட்டு, இமியூனோகுளோபுலின் அளவையும் நியூட்ரோபில் எண்ணிக்கையையும் மறுபடி பாருங்கள் என்று கேளுங்கள்.